பழைய லயன், மூணாம் கதவு

ஒன்பதாங்கட்டை தோட்டம்,
பழைய லயன், மூணாம் கதவு.
9-2-1983

அன்புள்ள தம்பி ஸ்டானிஸ்லாசுக்கு,

அக்கா பியாட்ரிஸ் எழுதுவது. சேசுவுக்குத் தோத்திரம்.

அம்மாவின் வருசப் பூசைக்கு நீ வரவில்லை. ஈப்போவிலிருந்து இங்கே வர பஸ் இல்லையா, இல்லை உன் தம்பிக்கு மனசு இல்லையா என்று சாமியாரே கேட்டுவிட்டார். "ஆபீசுல வேலை அதிகம் ஃபாதர்" என்று உனக்காக ஒரு பொய் சொன்னேன். கோயிலுக்குள் நின்று சொன்ன பொய். அந்தப் பாவத்தை நீயே வைத்துக்கொள்.

சரி, சண்டை கிடக்கட்டும். சந்தோசமான சமாச்சாரம் சொல்லத்தான் எழுதுகிறேன். நமக்குப் புது லயன் வரப்போகிறது, புது வரிசை வீடுகள்!

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, நம் வீடுகள் இருக்கும் துண்டை முப்பது குடும்பமும் சேர்ந்து வாங்கினோம் அல்லவா? நிலம் நம்முடையதாகிவிட்டது, வீடு மட்டும் வெள்ளைக்காரன் காலத்துத் தகரம்தான். மழை பெய்தால் உன் செபாஸ்டியன் மச்சான் கட்டிலுக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு தூங்குகிறார். போன வாரம் ஒரு லோரி வந்தது. இறங்கினவர்கள் சிவப்புப் பெயின்ட் அடித்த குச்சிகளை நம் முன்வரிசை நெடுக அடித்துக்கொண்டே போனார்கள். அதில் ஒருவன் தமிழன், தாப்பா ஊர்க்காரன், மாயாண்டி என்று பேர். "என்னப்பா இது?" என்று கேட்டேன். "இங்கதான்க்கா லயன் வருது"ன்னான். அவன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். இருளாயி அக்கா கோழி அடித்துச் சோறு போட்டாள். குச்சிக்கு இடைஞ்சலாக இருந்த தென்னைகளை நம் ஆட்களே வெட்டிக் கொடுத்தார்கள். என் வாசல் தென்னை உட்பட.

அவர்கள் போன பின்னால் இன்னொரு கூட்டம் வந்து பின்வரிசை நெடுக மஞ்சள் குச்சி அடித்தது. இவர்கள் நம்மிடம் வாயே திறக்கவில்லை. முன்வரிசைக்கு ஒரு லயன், பின்வரிசைக்கு ஒரு லயன் என்று, ஆட்களை வேலை வாங்கின மண்டோர் பிச்சைமுத்து சொல்கிறார். நீ லெட்ரிக் ஆபீசில் பிளான் வரைகிறவன் ஆச்சே. கல் வீடா, பலகை வீடா என்று மட்டும் கேட்டுச் சொல்.

அக்கா,
பியாட்ரிஸ்


ஈப்போ,
21-2-1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் போஸ்ட்கார்டு கிடைத்தது. போஸ்ட்கார்டில் இத்தனை எழுத்தை எப்படி அடைத்தாய் என்று தெரியவில்லை. முதலில் ஒரு வேண்டுகோள். இனிமேல் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதாதே. என் மேசைக்கு வருவதற்குள் நாலு பேர் கையில் போகிறது. வீட்டு விலாசம் கவரின் பின்பக்கம் இருக்கிறது.

இப்போது விசயம். கோபப்படாமல் படி. வருவது லயன் இல்லை, அக்கா. லைன். கம்பி. மாயாண்டி சொன்னது உயர் அழுத்த மின்சாரக் கம்பியை. கோபுரம் மாதிரி இரும்புத் தூண் நட்டு, அதன் மேல் இழுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பிளானை நான்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் கோழி அடித்துச் சோறு போட்டது உங்கள் வீட்டை இடிக்க வந்தவர்களுக்கு.

மஞ்சள் குச்சி எங்களுடையது அல்ல. பதினோராங்கட்டையில் செம்பனை எண்ணெய்த் தொழிற்சாலை வருகிறதே, அந்தக் கம்பெனியுடையது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எண்ணெயில் ஹைட்ரஜன் என்ற வாயுவைச் செலுத்தினால் அது கட்டியாகும். நீ ரொட்டியில் தடவும் மார்ஜரின் அப்படித்தான் வருகிறது. தண்ணீருக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினால் அந்த வாயு பிரிந்து வரும். அதை ஆற்றங்கரையில் செய்யப்போகிறார்கள். ஆகவே மின்சாரம் ரோட்டோரமாக வந்து, ஒன்பதாங்கட்டையில் திரும்பி, உங்கள் முன்வரிசைக்கு மேலாக ஆற்றங்கரைக்குப் போகிறது. அங்கே உண்டாகும் வாயு குழாயில் ஏறி, உங்கள் பின்வரிசைக்குக் கீழாகப் பதினோராங்கட்டைக்கு வருகிறது. சட்டென்று தீப்பிடிக்கும் வாயு அது. கம்பிக்குக் கீழும் குழாய்க்கு மேலும் வீடு இருக்கக் கூடாது.

நஷ்டஈடு கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு தெலுக் இந்தானில் அடுக்குமாடி வீடு பாருங்கள். அரசாங்கக் காரியம். உன் வாய் எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைக் கொஞ்சம் மூடிவை.

தம்பி,
ஸ்டானிஸ்லாஸ்


ஒன்பதாங்கட்டை தோட்டம்,
பழைய லயன், மூணாம் கதவு.
2-3-1983

தம்பி ஸ்டானிக்கு,

இதையும் ஆபீசுக்குத்தான் அனுப்புகிறேன். கவரின் பின்பக்கம் "பழைய லயன், மூணாம் கதவு" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். நாலு பேர் கையில் போகட்டும், நாற்பது பேர் கையில் போகட்டும். நீ ஈப்போக்காரன் என்று அங்கே சொல்லிவைத்திருப்பது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? ராக்காயி மகன் தன் முதலாளிக்காக உன் ஆபீசுக்கு லைட் பில் கட்ட வந்தபோது, அவனைத் தெரியாத மாதிரி தலையைக் குனிந்துகொண்டாயாம். அவன் வந்து சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

உன் கடிதத்தை இருளாயி வீட்டு வாசலில் எல்லாரையும் கூட்டி வைத்துப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். அப்புறம் இருளாயி கேட்டாள்: "ஏன் பியாட்ரி, மேல போறதுதான் கீழ திரும்பி வருதா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன் கணக்கை நீயே இன்னொரு தடவை படித்துப் பார். மின்சாரம் எங்கள் தலைக்கு மேல் ஆற்றுக்குப் போகிறது. அங்கே வாயுவாகி எங்கள் காலுக்குக் கீழே திரும்பி வருகிறது. போகிற இடமும் வருகிற இடமும் ஒரே ரோடு. எதற்கு இந்தச் சுற்று? எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவா? இதை வரைந்தவன் நீ. வரையும்போது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா?

நேற்று நில ஆபீசிலிருந்து காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தது. முப்பது கதவிலும் ஒரு ஆள் ஒட்டிவிட்டுப் போனான். மாட்டுக்கொட்டகையிலும் ஒன்று. "பேசாம காச வாங்கிட்டுப் போயிரலாம்லா"ன்னு இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். பிச்சைமுத்துக் கிழவருக்கு வந்ததே கோபம். "அப்பன் காலத்துல துரை போன்னா போனோம், வான்னா வந்தோம். இது நம்ம வாங்குன மண்ணுலா. எவன் வந்து போன்னு சொல்றது?"ன்னார். எல்லாரும் அவர் பக்கம்.

அதனால் நாங்கள் போகப் போவதில்லை. இது என் வாய் மட்டும் சொல்வதில்லை, முப்பது வீட்டு வாயும் சொல்கிறது. உன் வாய் என்ன சொல்கிறது என்று எழுது.

பியாட்ரிஸ்


ஈப்போ,
17-3-1983

அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தலைமைக் கிளார்க் பிரிக்காமலே என் மேசையில் வைத்து, பின்பக்கத்தை ஒரு முறை பார்த்து, என்னையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார். உனக்குத் திருப்திதானே?

ராக்காயி மகன் விசயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

சுற்று ஏன் என்று கேட்டாய். வரையும்போதே எனக்குத் தோன்றியது. சரி, போய்க் கேட்டுத்தான் பார்ப்போமே என்று எஞ்சினியரிடம் கேட்டேன். கம்பி ஒன்பதாங்கட்டையில் திரும்பாமல் ரோட்டோரமாகவே நேரே போனால் இரண்டே கட்டையில், இரண்டே மைலில் தொழிற்சாலை வாசல். வாயுவை அங்கேயே செய்துகொள்ளலாம். தண்ணீருக்கு வாய்க்கால் பக்கத்திலேயே ஓடுகிறது. அப்படிச் செய்தால் குழாய் என்ற ஒன்றே தேவையில்லை, அக்கா. ஆற்றங்கரையும் வேண்டாம், உங்கள் முன்வரிசையும் வேண்டாம், பின்வரிசையும் வேண்டாம்.

"சார், கம்பெனிக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாமே" என்றேன். "குழாய் அவங்க வேலை, கம்பி நம்ம வேலை. கோடு போடுறது உன் வேலை" என்றார். இதுவரைக்கும் இரண்டு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்ததே இல்லையாம். அவரவர் மேப்பை அவரவர் வைத்திருக்கிறார்கள். எங்கள் மேப்பில் மஞ்சள் இல்லை. அவர்கள் மேப்பில் சிவப்பு இருக்குமா என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மேப்பில் உங்கள் வீடுகளே இல்லை. அந்த இடத்தில் இங்கிலீஷில் 'ஓல்ட் லைன்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் வரைந்த தோட்டத்து மேப்பிலிருந்து எடுத்தது. பழைய லயன் என்று அவன் எழுதினான். எங்கள் எஞ்சினியர் அதைப் பழைய கம்பி என்று படித்திருக்கிறார். ஒரு காலத்தில் அங்கே கம்பி போயிருக்கிறது, பாதை ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் என்று நினைத்து அதன் மேலேயே கோடு போடச் சொல்லிவிட்டார். நீங்கள் கம்பியை வீடு என்று நினைத்தீர்கள், இவர் வீட்டைக் கம்பி என்று நினைத்திருக்கிறார்.

நான் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இந்த ஆபீசிலேயே தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லவில்லை, அக்கா. "உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்பார்களே என்று நினைத்தேன்.

நீங்கள் அவசரப்பட்டு எதையும் செய்யாதீர்கள். குச்சியைத் தொட்டால் போலீஸ் கேஸ்.

ஸ்டானி


ஒன்பதாங்கட்டை தோட்டம்,
பழைய லயன், மூணாம் கதவு.
30-3-1983

அன்புள்ள தம்பி,

குச்சியைத் தொட்டுவிட்டோம்.

உன் கடிதத்தை வாசலில் வைத்துத்தான் படித்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கவில்லை, அது உனக்கும் எனக்கும். குழாய் தேவையே இல்லை என்ற இடம் வந்ததும் இருளாயி எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப குச்சிய மாத்தி நட்டுட்டா வேலை முடிஞ்சிருச்சிலா!" என்றாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பார். கேட்ட எல்லாருக்கும் கை துறுதுறுத்தது.

மறுநாள் காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போகாமல் பெண்கள் எல்லாரும் இறங்கினோம். உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்குகிற கைக்குக் குச்சி பிடுங்குவதா பெரிய காரியம்? சிவப்புக் குச்சிகளைக் கொண்டுபோய் ரோட்டோரமாக, நீ எழுதினபடியே, ஒன்பதாங்கட்டையிலிருந்து தொழிற்சாலை வாசல் வரைக்கும் வரிசை பிசகாமல் நட்டோம். பத்தாங்கட்டை வளைவில் குச்சி பற்றாமல் போனது. சுற்றுப் பாதைக்கு அடித்ததில் மிச்சம் வர வேண்டுமே என்று எண்ணிப் பார்த்தால், பிச்சைமுத்துக் கிழவர் ஒரு கட்டுக் குச்சியை எடுத்து அவரைப் பந்தலுக்கு நட்டுவைத்திருக்கிறார்! திட்டிப் பிடுங்கி வந்தோம். மஞ்சள் குச்சியை எல்லாம் கட்டாகக் கட்டி, தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம் ஒப்படைத்தோம். "இது வேண்டாமாம், உங்க துரைகிட்டக் குடுத்துரு"ன்னு சொன்னேன். அந்த மனுசன் முழித்த முழி இருக்கிறதே!

இரண்டு நாள் கழித்து உங்கள் ஆட்களும் கம்பெனி ஆட்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். எங்களை விட்டுவிட்டு அவர்களுக்குள்ளேயே சண்டை. "எங்க குச்சிய நீங்க ஏன் புடுங்குனீங்க?" என்று இவன் கேட்கிறான், "நீங்கதான் எங்களதப் புடுங்கினீங்க" என்று அவன் சொல்கிறான். மாயாண்டியும் வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, "லைன்னுதான்க்கா சொன்னேன், நீங்க லயன்னு கேட்டுட்டீங்க" என்றான். "கோழி தின்னப்ப உனக்குச் சந்தேகம் வரலையாடா?" என்று கேட்டேன். எண்ணுகிற சாக்கில் குச்சிப் பக்கம் நழுவிவிட்டான்.

அப்புறம் இரண்டு பக்கத்துப் பெரிய ஆட்களும் காரில் வந்தார்கள். வெயில் தாங்காமல் இருளாயி வீட்டுக்குள்தான் உட்கார்ந்தார்கள். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் பெஞ்சு போடத் தெரிந்தவள். ஒரே பெஞ்சில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். முதல் தடவையாக ஒருவர் மேப்பை ஒருவர் பார்த்தார்கள்.

போலீசும் வந்தது. என்னையும் இருளாயியையும் ராக்காயியையும் ஸ்டேசனுக்குக் கூட்டிப்போய்ச் சாயங்காலம் வரைக்கும் உட்கார வைத்தார்கள். பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ராக்காயிதான் அங்கேயே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இந்தப் பாதைய உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கண்ணிருக்கிற யாருக்கும் ரோடு தெரியுமே என்றேன். உன் பேரை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் ஈப்போவில் கூட்டம் போட்டுப் பேசப்போகிறார்களாம். அங்கே எங்களை விட மாட்டார்கள். நீ அந்த அறைக்குள்தான் இருப்பாய்.

உன்னைத் தூக்கி வளர்த்தவள் சொல்கிறேன், அங்கே போய்த் தலையைக் குனியாதே.

அக்கா


ஈப்போ,
22-4-1983

என் அன்பு அக்காவுக்கு,

கூட்டம் நேற்று நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேப்பைச் சுவரில் மாட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். மாட்டிவிட்டு ஓரமாக நின்றேன். எங்கள் எஞ்சினியர், மின்சாரத்தை ஆற்றங்கரையில் கேட்டது கம்பெனிதான் என்றார். கம்பெனிப் பெரியவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நாங்களா? நீங்க ஆத்தங்கரை வரைக்கும்தான் குடுப்பீங்கன்னு நெனச்சுத்தானே நாங்க அங்க இடம் பார்த்தோம்!" என்றார். அவர் கேட்டார் என்று இவர் நினைத்திருக்கிறார், இவர் கொடுப்பது அவ்வளவுதான் என்று அவர் நினைத்திருக்கிறார். இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளாமலே ஒரு வருசமாக இரண்டு பாதை போட்டிருக்கிறார்கள். நில ஆபீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேல்கூரையைப் பார்த்தார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் எஞ்சினியருக்கு ரோசம் வந்துவிட்டது. போட்ட பாதை போட்டதுதான், மேப்பில் அங்கே வீடு ஏதும் இல்லை, பழைய கம்பிப் பாதைதான் இருக்கிறது, இப்போது இருப்பவர்கள் பிறகு வந்து குடிசை போட்டவர்கள் என்றார். பிறகு வந்தவர்கள்! அந்தச் சொல்லைத்தான் அக்கா, என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது கம்பி இல்ல சார், வீடு" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். "தோட்டத்துல லைன்ஸ்னா தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை. இந்த மேப் போட்ட காலத்துலயே அவங்க அங்க இருக்காங்க. அதனாலதான் இதுல எழுதியிருக்கு" என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும்? அங்க போனியா?" என்று கேட்டார்.

"போகல சார். பொறந்தேன். மூணாம் கதவு."

இங்கிலீஷில்தான் சொன்னேன். உனக்குத் தமிழில் எழுதும்போது இன்னும் நன்றாக இருக்கிறது. தலையைக் குனியவில்லை, அக்கா.

அதோடு விடாமல், ரோட்டோரப் பாதையை உங்களுக்கு எழுதினது நான்தான் என்றும் சொன்னேன். பிடுங்கி நட்டது நீங்கள், ஆனால் வரைந்தது நான். இனி யார் சொல்லிக் கொடுத்தது என்று போலீஸ் உங்களைக் கேட்கத் தேவையில்லை.

பாதையை மாற்ற வேண்டும் என்று கம்பெனிக்காரர்தான் பிடித்த பிடியில் நின்றார். குழாய் போடும் செலவு அவருக்கு மிச்சமாச்சே. இன்று காலையில் எனக்கு மாற்றல் கடிதம் வந்துவிட்டது. மலையோரக் கிரிக்கில் ஸ்டோர் வேலை. கோடு போடுகிற வேலை இனிக் கிடையாது. போகட்டும். போவதற்கு முன்னால் புது மேப்பை நான்தான் முடித்துக்கொடுக்க வேண்டும் என்றார்கள். முடித்துவிட்டேன். சிவப்புக் கோடு ரோட்டோரமாகப் போகிறது. 'ஓல்ட் லைன்ஸ்' என்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, முப்பது வீட்டையும் முப்பது கட்டமாக வரைந்தேன். கோயிலுக்கு ஒரு சிலுவை, மாட்டுக்கொட்டகைக்கும் ஒரு சின்னக் கட்டம். இனி எவனும் உங்களைக் கம்பி என்று படிக்க முடியாது.

ராக்காயி மகனிடம் சொல். அவனை எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்.

தம்பி,
ஸ்டானி


ஒன்பதாங்கட்டை தோட்டம்,
பழைய லயன், மூணாம் கதவு.
18-10-1983

என் தங்கத் தம்பிக்கு,

கிரிக் குளிர் எப்படி இருக்கிறது? மச்சான் உனக்காக ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறார். தெலுக் ஆன்சன் பசாரில் வாங்கினது. இந்தான் என்று பேர் மாற்றிவிட்டார்கள் என்று நீ திருத்துவாய். அவர்கள் மாற்றுவதை எல்லாம் நான் ஒப்புக்கொள்ள வேண்டுமா?

தூண் நட்டு முடித்துவிட்டார்கள். ரோட்டோரமாக, நாங்கள் குச்சி நட்ட அதே வரிசை. பத்தாங்கட்டை வளைவில் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அது இருளாயிக்குப் பிடிக்கவில்லை, "நாம நட்டதுதான் நேரா இருந்திச்சி" என்கிறாள். போன வாரம் கம்பியில் மின்சாரம் விட்டார்கள். பதினோராங்கட்டையில் இரவெல்லாம் பகல் மாதிரி வெளிச்சம். வாயு செய்கிற கொட்டகையும் அங்கேயே வந்துவிட்டது. மஞ்சள் குச்சி எந்தப் பக்கமும் காணோம். முப்பது வீடும் நிற்கிறது. தகரம் ஒழுகத்தான் செய்கிறது, ஆனால் ஒழுகுவது எங்கள் தகரம்.

ஆனால் ஸ்டானி, கம்பி எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறது, எங்களுக்கு இன்னும் மண்ணெண்ணெய் விளக்குதான். லெட்ரிக் ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். அது பெரிய கம்பி, அதிலிருந்து வீட்டுக்கு எடுக்க முடியாது, தனியாகச் சின்னக் கம்பி இழுக்க வேண்டும், அதற்கு இன்னும் பிளான் இல்லை என்றார் அங்கே இருந்தவர். "பிளான் இல்லையா? எண்ணெயக் கட்டியாக்க ரெண்டு கட்டை தள்ளிக் கரண்ட் கொண்டுபோகத் தெரியுது, எங்க அடுப்படிக்குக் கொண்டுவரத் தெரியலையா?" என்று கேட்டேன். என் பேர் என்ன என்று கேட்டார். சொன்னதும் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அங்கே என் பேர் தெரிந்திருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு நீ வர வேண்டும். இந்த முறை சாமியாரிடம் உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேரே வீட்டுக்கு வா, உனக்கு வேலை இருக்கிறது. வீட்டுக்குக் கம்பி எந்த வழியாக வர வேண்டும், தூண் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று நீ தரையில் கோடு போட்டுக் காட்டினால் போதும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்றைக்குப் பிடுங்கின சிவப்புக் குச்சியில் மிச்சமான ஒரு கட்டுக் குச்சியைப் போலீசுக்குக் காட்டாமல் என் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துவிட்டேன். ரோட்டிலிருந்து முப்பது கதவுக்கும் சரியாக வரும்.

அக்கா,
பியாட்ரிஸ்